இரவல் மண்வெட்டியின் அறம்

பக்கத்து வீட்டு மண்வெட்டியை வாங்கிப் புழங்குவதே கூட்டுவாழ்வின் அடையாளம் என்று உருகும் நண்பர்களுக்குத் திருப்பூரின் காம்பவுண்டு வீடுகளைச் சுற்றிக்காட்ட விரும்புகிறேன்.

கிராமத்தில் இரவல் என்பது கொடுக்கல் வாங்கல். ஒருவரிடம் கடப்பாரை இருந்தால் இன்னொருவரிடம் ஏணி இருந்தது. பின்னலாடைத் தொழிலை நம்பிப் பல ஊர்களிலிருந்து வந்து, வாசலோர மண்ணில் நாலு செடி வைக்கும் குடும்பங்களிடையே அந்தச் சமன் இல்லை. ஒருவரே கொடுக்கிறார்; மற்றவர்கள் கேட்கிறார்கள். முனை மழுங்கினாலும் காம்பு முறிந்தாலும் நட்டம் கொடுத்தவருக்கே. சனிக்கிழமை வாரக்கூலி வாங்கியவர்களுக்கெல்லாம் ஓய்வு ஞாயிற்றுக்கிழமைதான். அந்த ஒரே காலையில் ஒற்றை மண்வெட்டி எத்தனை கைகளுக்குப் போகும்? ஆடிப்பட்டம் யாருக்காகவும் காத்திராது.

பொருள் நட்டத்தினும் பெரிது தன்மான நட்டம். திருக்குறளில் உழவு 104ஆம் அதிகாரம். அடுத்து நல்குரவு, இரவு, 107ஆவதாக இரவச்சம். இரவலும் இரத்தலும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். அடுத்த வீட்டு வாசலில் நின்று கேட்பவரின் குரல் தணிவதில் அந்த உறவு இன்றும் தெரிகிறது.

கடப்பாரையும் ஏணியும் எப்போதோ வேண்டியவை. அவற்றை இரவல் வாங்குவதில் இழுக்கில்லை. வாரந்தோறும் வேண்டிய களைக்கொத்து ஒரு நாள் கூலிக்குள் அடங்கும்; மண்வெட்டியும் எட்டாத விலையல்ல. ஆயுத பூசையன்று பனியன் கம்பெனியில் முதலாளியின் இயந்திரத்துக்குப் பொட்டு வைக்கும் தொழிலாளிக்கு, வீட்டில் பொட்டு வைக்கத் தனக்கென்று ஒரு கருவி வேண்டாமா?