டிஸ்க் டிரைவுக்கு எதற்கு அனுமதி?

ப்ளேஸ்டேஷன் 5 கேம் கன்சோல் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2023 நவம்பரில் வந்த ஸ்லிம் மாடலில் டிஸ்க் டிரைவைத் தனியே கழற்றி மாட்டலாம். நல்ல வசதிதான். ஆனால் முதல்முறை மாட்டும்போது இன்டர்நெட் வழியே சோனியின் சர்வரில் பதிவு செய்தால்தான் டிரைவ் வேலை செய்யும். கம்ப்யூட்டரில் சிடி டிரைவ் மாட்ட யாரிடமாவது அனுமதி கேட்டோமா?

கேம் அப்டேட்டுக்கு இன்டர்நெட் கேட்பது நியாயம். டிஸ்க் தயாரான பிறகும் புரோகிராமர்கள் பிழை திருத்திக்கொண்டுதான் இருப்பார்கள் (என் பிழைப்பும் அதுதான்!). அப்டேட் கிடைக்காவிட்டாலும் பல கேம்கள் டிஸ்க்கில் உள்ளபடி ஓடிவிடும். டிரைவ் பதிவாகாவிட்டாலோ அலமாரியில் உள்ள ஒரு டிஸ்க்கும் ஓடாது. என்றாவது அந்த சர்வரை நிறுத்திவிட்டால், பழுதான டிரைவை மாற்றவும் வழியில்லை. நிறுத்தும் முன் இந்தப் பூட்டை சோனி எடுத்துவிட வேண்டும். நீங்கள் டிரைவ் வாங்கிய அன்றே பதிவு செய்துவிடுங்கள்.