செக்கெண்ணெய்க்கு மாறினால் மார்பகப் புற்றுநோய் வராதா?

“ரீஃபைண்டு எண்ணெயை நிறுத்துங்க, செக்கெண்ணெய்க்கு மாறுங்க, மார்பகப் புற்றுநோய் கிட்டவே வராது.” வடசென்னையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை இந்தப் பேச்சைக் கேட்காத வீடு குறைவு. வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, மளிகைக் கடையில் பேசப்படுகிறது. மார்பில் கட்டி என்று தெரிந்து உடைந்துபோயிருக்கும் பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள்கூட, “இத்தனை நாளா என்ன எண்ணெய்ம்மா ஊத்தின?” என்று கேட்கிறார்கள். நோயோடு பழியையும் அவள் தலையில் ஏற்றுகிற இந்தக் கேள்வியை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

கவலைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுக் கணக்கில், மார்பகப் புற்றுநோய் விகிதத்தில் ஹைதராபாத்துக்கு அடுத்து நிற்கிறது சென்னை. வயது வித்தியாசத்தைச் சரிக்கட்டிய பிறகு, ஆண்டுக்கு லட்சம் பெண்களில் சுமார் 42 பேர். ஒரு காலத்தில் இந்த ஊரில் கருப்பைவாய்ப் புற்றுநோய்தான் முதலிடத்தில் இருந்தது. இப்போது மார்பகம் அதை முந்திவிட்டது. ஆனால் இதற்கு எண்ணெய்தான் காரணம் என்பதற்குச் சான்று எங்கே?

முதலில், செக்கில் ஆட்டினால் கொழுப்பே வேறாகிவிடும் என்கிற நம்பிக்கை. ஆகாது. கடலை எண்ணெயில் ஏறத்தாழ பாதி ஒலியிக் அமிலம், மூன்றில் ஒரு பங்கு லினோலியிக் அமிலம். மரச்செக்கில் ஆட்டினாலும் ஆலையில் சுத்திகரித்தாலும் இந்த விகிதம் பெரிதாக மாறுவதில்லை. சுத்திகரிப்பில் வாசனையும் நிறமும் போகின்றன, வைட்டமின் ஈ கொஞ்சம் குறைகிறது. தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. எந்தச் செக்கும் அதை மாற்றாது. செக்கு நல்லெண்ணெயின் மணத்துக்காக வாங்குகிறவர்கள் தாராளமாக வாங்கட்டும். ஆனால் ரேஷனில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலில் சமைக்கிற திருவொற்றியூர்ப் பெண்ணிடம், அந்தப் பாக்கெட்தான் உனக்குப் புற்றுநோய் கொடுக்கும் என்று சொல்ல யாருக்கும் ஆதாரம் கிடையாது. பாமாயிலில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம். அதை அளவோடு வைத்துக்கொள்ளச் சொல்வது இதயத்தை நினைத்து. அது வேறு கணக்கு.

அடுத்தது, “கொழுப்பு எதுவானாலும் மார்பகத்துக்கு ஆபத்து” என்பது. இதன் வேர் வாட்ஸ்அப்புக்கு வெகுகாலம் முந்தியது. 1970களில் கனடாவின் கென்னத் கரோல், எந்த நாட்டில் தலைக்கு எவ்வளவு கொழுப்பு உண்கிறார்கள், அங்கே மார்பகப் புற்றுநோயால் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்பதை ஒரே படத்தில் வரைந்தார். புள்ளிகள் சீராக மேலேறின. கொழுப்பு அதிகம் தின்ற எலிகளுக்கு மார்பகக் கட்டி அதிகம் வந்ததும் இதற்கு வலுச் சேர்த்தது. ஆனால் கொழுப்பு அதிகம் உண்ணும் நாடுகள் பணக்கார நாடுகளும்கூட. அங்கே பெண்கள் தாமதமாகப் பிள்ளை பெறுகிறார்கள், உடல் எடை கூடுதல், நோயும் அதிகம் கண்டுபிடிக்கப்படுகிறது. இதில் எது காரணம் என்று அந்தப் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

எனவே தனித்தனிப் பெண்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 1996இல் ஏழு ஆய்வுகளைச் சேர்த்து வெளிவந்த பகுப்பாய்வில் 3,37,819 பெண்கள். அவர்களில் 4,980 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருந்தது. உணவில் மொத்தக் கொழுப்பு கூடியதற்கும் நோய்க்கும் தொடர்பு தெரியவில்லை. பிறகு அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 48,835 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குக் கொழுப்பைக் குறைத்துக் காய்கறி, பழம், தானியத்தைக் கூட்டப் பயிற்சி கொடுத்தார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து 2006இல் வந்த முடிவு: நோய் சுமார் 9 சதவீதம் குறைவு, அதுவும் தற்செயலாக இருக்கக்கூடும் என்று ஒதுக்க வேண்டிய அளவு. இருபது ஆண்டுகளை நெருங்கும்போது அந்தப் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணம் குறைந்திருந்தது உண்மை. அதை மறைக்க வேண்டாம். ஆனால் அவர்கள் மாற்றியது தட்டு முழுவதையும், எண்ணெய் பாட்டிலை மட்டும் அல்ல.

சூரியகாந்தி எண்ணெயின் ஒமேகா-6 அழற்சியைக் கிளப்பிப் புற்றை வளர்க்கும் என்பது எலிக் கூண்டோடு நின்ற செய்தி. மனிதப் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில் அது உறுதிப்படவில்லை.

மீன் விஷயத்தில் காசிமேட்டுக்காரர்களுக்குப் பெருமை அதிகம். “கவலை மீன் தின்னா எந்தக் கட்டியும் வராது” என்பார்கள். மீனிலுள்ள ஒமேகா-3 பற்றிய பல ஆய்வுகளைத் திரட்டி 2013இல் வந்த பகுப்பாய்வு, அதை மிக அதிகம் உண்டவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் சுமார் 14 சதவீதம் குறைவு என்று கண்டது. அதே பகுப்பாய்வில் ‘மீன் சாப்பிடுவது’ என்று பொதுவாகக் கேட்டபோது அந்த நன்மை தெரியவில்லை. 2019இல் வெளிவந்த, 25,871 பேரில் ஒரு பகுதியினருக்கு ஒமேகா-3 மாத்திரை கொடுத்துச் சோதித்த ஆய்வில் புற்றுநோய் குறையவே இல்லை. ஆகவே மத்தி, கவலை, காணாங்கெளுத்தி எல்லாம் விலை மலிந்த அருமையான உணவு, குழம்பாக வைத்தால் இன்னும் நல்லது. ஆனால் அவை கவசம் ஆகா. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலியிலிருந்து எண்ணூர் முகத்துவாரத்துக்குள் வந்த கச்சா எண்ணெய்க் கசிவை நினைத்து மீனுக்கே பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. கச்சா எண்ணெயின் நச்சுகளைச் சோதித்து மீனவருக்கும் வாங்குபவருக்கும் சொல்ல வேண்டியது அரசின் கடமை. ஆனால் அது கொழுப்பு அமிலத்தின் குற்றமல்ல, இரண்டையும் குழப்பினால் பொறுப்பாளி தப்பித்துவிடுவார்.

எண்ணெயைப் பற்றிய அச்சத்தில் நியாயமான பகுதி ஒன்று உண்டு. மாலையில் துறைமுகச் சாலையோரத்தில் வறுவல் கடைச் சட்டியைக் கவனியுங்கள். எண்ணெய் தேயிலைச் சாயம்போல் கறுத்திருக்கும், மேலே நுரை அடங்காது, கரண்டியைத் தூக்கினால் பிசுபிசுவென்று இழுக்கும். குறைந்த இடத்தை நிரப்பப் புது எண்ணெய் ஊற்றுவார்கள்; பழையது கீழே அப்படியே இருக்கும். திரும்பத் திரும்பச் சூடேறிய எண்ணெயில் உருவாகும் ஆல்டிஹைடுகள் உடலுக்கு நல்லதல்ல. அதனால்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம், எண்ணெயில் சிதைந்த பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்று 2018 முதல் வரம்பு வைத்திருக்கிறது. வனஸ்பதியின் ட்ரான்ஸ் கொழுப்பும் அப்படியே: இரத்தத்தில் அது மிகுந்த பிரெஞ்சுப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் அதிகம் என்று 2008இல் ஓர் ஆய்வு காட்டியது. இங்கே அதை 2 சதவீதத்துக்குள் அடக்கும் விதி 2022 ஜனவரியில் வந்தது. செக்கா ஆலையா என்று சண்டை போடுவதைவிட, இந்த இரண்டு விதிகளையும் நம் தெருக்களில் நடைமுறைப்படுத்தக் கேட்பது உருப்படியான வேலை.

அப்படியானால் நோய் ஏன் கூடியது? சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் 2002 முதல் 2005 வரை, நோயுற்ற 1,866 பெண்களை நோயில்லாத 1,873 பேருடன் ஒப்பிட்டார்கள். இடுப்புச் சுற்றளவும் உடல் எடையும் கூடியவர்களுக்கு ஆபத்து அதிகம். மாதவிடாய் இன்னும் நிற்காத பெண்களில், பிள்ளைக்கு நீண்ட காலம் பாலூட்டியவர்களுக்குக் குறைவு. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் பெருமளவு உருவாவது உடற்கொழுப்பில்தான். எடை கூடினால் அது கூடும். எந்த எண்ணெயானாலும் கரண்டி கணக்கில்லாமல் ஊற்றினால் எடை ஏறும், செக்கெண்ணெயும் விதிவிலக்கல்ல. பிள்ளைப்பேறு தள்ளிப்போவது, குறைவாகப் பெறுவது, ஆயுள் நீள்வது என மற்றக் காரணங்களும் உண்டு. அவற்றில் பலவற்றுக்கு எந்தப் பெண்ணையும் குறை சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

எண்ணெய்ப் பேச்சு செய்யும் பெரிய தீங்கு, எண்ணெயை மாற்றியாயிற்று என்ற நிம்மதியில் கட்டியைக் காட்டாமல் மாதங்களைக் கடத்துவது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஒருமுறையாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்ட பெண்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. மும்பையின் குடிசைப் பகுதிகளில் டாடா நினைவு மருத்துவமனை, 1998 முதல் இருபது ஆண்டுகள், 1,51,538 பெண்களை வைத்து ஒரு சோதனை நடத்தியது. அவர்களில் ஒரு பகுதியினரைப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் தடவிப் பார்த்தார்கள். அப்படிப் பார்க்கப்பட்டவர்களில், 50 வயதைத் தாண்டிய பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. மேமோகிராம் கருவி இல்லாமலே கிடைத்த பலன் இது. முப்பது வயதைக் கடந்தவர் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனையைக் கேட்கலாம். வலிக்காத கட்டி, உள்ளிழுத்த காம்பு, ரத்தக் கசிவு, தோலில் குழி, இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அந்த வாரமே ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள்.