ஹெலன் கெல்லர் என்றால் அந்தத் தண்ணீர்க் குழாய் மட்டும்தானா?

ஜூன் 27 வந்தால் போதும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க ஹெலன் கெல்லர்தான். 19 மாதக் குழந்தையாக இருந்தபோது வந்த நோயில் பார்வையும் கேட்கும் திறனும் போனது, 1887-ல் ஆசிரியை ஆன் சல்லிவன் ஒரு கையில் தண்ணீர் விழவைத்து, மறு கையில் விரல் எழுத்தால் அந்தச் சொல்லை உணர்த்தினார். நாம படிச்ச கதை அதோடு சரி.

அப்போது அவருக்கு ஏழு வயதுகூட ஆகவில்லை. மீதி 81 வருஷம் என்ன செய்தார்? 1904-ல் பட்டம் வாங்கினார். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டார். வறுமையும் மோசமான தொழிற்சாலைகளும்கூடப் பார்வையைப் பறிக்கின்றன என்று பேசி முதலாளிகளின் கோபத்தைச் சம்பாதித்தார். 74 வயதில், 1955-ல், இந்தியாவுக்கும் வந்தார். தன்னம்பிக்கை போஸ்டரில் இந்த அரசியல்வாதிக்கு இடமே இல்லை.

நம்ம ஊர்ச் சட்டத்துக்கு வருவோம். 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் காதுகேளாத பார்வையின்மை தனி வகையாக இல்லை. 2016 சட்டம்தான் அதைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. தொட்டு உணர்த்தும் மொழியையும் தகவல் தொடர்பு என்று ஏற்றது. அரசு வேலையில் 4% ஒதுக்கீடு உண்டு. ஆனால் இவர்களுக்கான 1%-ஐ ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் உள்ளவர்களோடு பங்குபோட வேண்டும்.

இவர்களில் பலருக்குக் கொஞ்சம் பார்வையும் கொஞ்சம் கேட்கும் திறனும் இருக்கும். சிக்கலே அங்கதான். காது மந்தமானவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். பார்வையும் மங்கினால் அந்த வழியும் அடைபடும். கண் டாக்டர் கண்ணை மட்டும், காது டாக்டர் காதை மட்டும் பார்த்தால் இந்த இழப்பு எந்தச் சதவீதத்திலும் வராது. பிறவியிலேயே காது கேட்காத பிள்ளை பதின்ம வயதில் பொழுது சாய்ந்ததும் தடுமாறினால், அது அஷர் சிண்ட்ரோமாக இருக்கலாம். சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் செய்யும் நம்ம பக்கம் இதைக் கூடுதலாகவே கவனிக்கணும்.

இந்த வகைக்கான மத்திய அரசு நிறுவனம் சென்னை அருகே முட்டுக்காட்டில் இருக்கிறது. விளாத்திகுளத்திலிருந்து ஒரு ராத்திரி பஸ் பயணம். வைப்பாற்றுக் கரையிலோ வேம்பார் கடற்கரையிலோ இருக்கும் ஒரு தாய் பிள்ளையோடு அங்கே எத்தனை தடவை போவார்? வட்டார வள மையத்தில் தொடு மொழி தெரிந்த ஒரு சிறப்பாசிரியராவது வேண்டும். கெல்லர் பெயரில் சிலை, விழா எல்லாம் அப்புறம் வைக்கலாம்.

அதுவரைக்கும், உங்க வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒரு பிள்ளை இருந்தால், அடுத்த முகாமுக்குக் கண் ரிப்போர்ட்டையும் காது ரிப்போர்ட்டையும் ஒரே ஃபைலில் வைத்துக் கொண்டுபோங்க. இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்க.