பதிவகங்களுக்குத் தொடரிலக்கணம் வேண்டும்

16550 என்னும் சீரியல் போர்ட் சில்லின் முதல் முகவரி ஒன்றே. அதன் பொருளோ மூன்று. வாசித்தால் வந்து சேர்ந்த எழுத்து. எழுதினால் அனுப்பவேண்டிய எழுத்து. நான்காம் முகவரியிலுள்ள பதிவகத்தின் உச்ச பிட்டை ஒன்றாக்கிவிட்டு அணுகினால், வேகத்தைத் தீர்மானிக்கும் வகுஎண்ணின் கீழ்ப்பாதி. பல பொருள் குறித்த ஒரு சொல்லுக்குச் சூழலே பொருள் தரும் என்பதை இலக்கணம் பயின்றோர் அறிவர். சில்லு உற்பத்தியாளர்களின் தரவேடுகளோ இச்சூழலைப் பெரும்பாலும் அடிக்குறிப்பிலும் உரைநடையின் இடுக்கிலும் வைத்துவிடுகின்றன.

உண்மையான வன்பொருளில் இக்குறையின் விலை ஓரளவே. டிரைவர் எழுதுபவருக்கு ஐயம் எழுந்தால் சில்லையே சோதித்துத் தெளியலாம். மெய்நிகராக்கத்தில் அந்தச் சில்லு இல்லை. விருந்தினர் இயங்குதளம் பதிவகத்தைத் தொடும்போது ஹைப்பர்வைசர் இடைமறிக்கிறது. சில்லின் வேடத்தை ஒரு நிரல் ஏற்கிறது. ஆக, ஒரே தரவேட்டுக்கு இப்போது இரு வாசகர்கள்: டிரைவரை எழுதுபவர், சில்லைப் போலச் செய்யும் நிரலை எழுதுபவர். இருவரும் தனித்தனியே உரைகாண்கிறார்கள். வழக்குத் தீர்க்க நடுவர் இல்லை.

2015 மே மாதம் வெளியான வெனம் என்னும் பாதுகாப்புக் குறைபாட்டை இந்தக் கோணத்தில் மீண்டும் பார்க்கவேண்டும். அது கியூஎமு மென்பொருளின் மெய்நிகர் ஃபிளாப்பிக் கட்டுப்படுத்தியில் 2004 முதல் கிடந்த பிழை. அக்கருவியில் கட்டளையும் அதன் அளபுருக்களும் ஒரே தரவுப் பதிவகத்தின் வழியே பைட் பைட்டாகச் செல்கின்றன. இன்ன கட்டளைக்குப் பின் இத்தனை பைட்டுகள் என்பது சொற்றொடர் விதியேயன்றி வேறென்ன? தொடர் முடிந்ததும் இடைநினைவகச் சுட்டு தொடக்கத்துக்குத் திரும்பவேண்டும். இரண்டு கட்டளைகளில் அது உரிய வேளையில் திரும்பவில்லை. விருந்தினர் 512 பைட் எல்லையைக் கடந்து எழுத முடிந்தது. மெய்நிகர் இயந்திரத்தின் சுவரைத் தாண்டி ஓம்புநர் கணினிக்குள் நுழையும் வாய்ப்பு பிறந்தது. தெளிவான விவரிப்பு இருந்திருந்தால் பிழையே நேர்ந்திராது என்பது மிகை. ஆயினும் தொடர்விதி இயந்திரம் வாசிக்கும் வடிவில் இருந்தால், எல்லைச் சோதனையை அதிலிருந்தே பிறப்பிக்கலாம்.

முயற்சிகள் இல்லாமலில்லை. பிரான்சிய ஆய்வாளர்கள் 2000-இல் முன்வைத்த டெவில் மொழி, ஒரு பதிவகத்தை அணுகுமுன் செய்யவேண்டிய செயலையும் குறித்தது. ஆர்ம் உலகின் எஸ்விடி கோப்பில் ‘வாசித்தால் அழியும்’, ‘ஒன்றை எழுதினால் அழியும்’ என்பவற்றுக்கு இடமுண்டு, நிரப்புவது கட்டாயமில்லை. மெய்நிகர் சூழலுக்கென்றே பிறந்த விர்ட்ஐஓ இன்னும் சுவையானது. அதன் பிசிஐ வடிவில் குறுக்கீட்டு நிலையை வாசித்தாலே அது அழிந்துவிடும். ஓர் அணுகலை மிச்சப்படுத்தவே அந்த ஏற்பாடு. எம்எம்ஐஓ வடிவிலோ ஒப்புகைக்குத் தனிப் பதிவகம். ஒரே கருத்து, இரு வேறு இலக்கணம்; இரண்டும் பதிவாகியிருப்பது ஆங்கில உரைநடையில்.

கணினியியல் துறைகள் இவ்வேலையை எழுத்தர் பணியாக எண்ணுகின்றன. மொழியியல் துறைகளோ தமக்குரியதென்றே கருதுவதில்லை. பொருள்மயக்கத்தை இனங்காண்பதும் தொடர்விதி வகுப்பதும் இங்கே நல்ல ஆய்வேட்டுக்குரிய பொருள்கள். உற்பத்தியாளர்கள் செலவைக் காரணம் காட்டலாம். அது பாதி உண்மைகூட இல்லை: சில்லு வடிவமைப்பில் சிஸ்டம்ஆர்டிஎல், ஐபி-எக்ஸாக்ட் போன்ற வடிவங்களில் பதிவக விவரிப்புகளை எழுதி அவற்றிலிருந்து வன்பொருள் நிரலைப் பிறப்பிப்பது வழக்கமான நடைமுறை. வாசகருக்குக் கிடைப்பதென்னவோ பெரும்பாலும் பிடிஎஃப் மட்டுமே.