காசு வேறு, கேஷ் வேறு

ஆங்கிலத்தில் உள்ள சொற்களில் பாதி தமிழிலிருந்து போனவை என்று ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது. ஆயக்குடி நண்பர்களே நான்கு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்களுடைய தமிழ்ப்பற்றை மதிக்கிறேன். பட்டியலைத்தான் ஏற்க முடியவில்லை.

அதில் முதலில் நிற்பது 'கேஷ்'. நம் காசுதான் கேஷ் ஆனதாம். நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிறகு கருவூலத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே இந்தச் சொல்லோடு எனக்கு இரண்டு விதத்தில் பழக்கம் உண்டு. பிரெஞ்சில் 'கேஸ்' என்றால் பெட்டி, பணப்பெட்டி. பணம் கட்டும் இடத்துக்கும் அதே பெயர்தான். லத்தீன் 'காப்சா'விலிருந்து வந்த சொல் அது. ஆங்கிலேயர்களும் முதலில் பெட்டியைத்தான் கேஷ் என்றார்கள். பிறகு உள்ளே இருந்த பணத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இந்தக் கேஷுக்கும் நம் காசுக்கும் உறவில்லை.

இதோடு நிறுத்தினால் அதுவும் பாதி உண்மைதான். ஆங்கில அகராதியில் இன்னொரு 'கேஷ்' உண்டு. கீழை நாடுகளில் புழங்கிய சிறு நாணயத்தின் பெயர் அது. அது நம் காசேதான். போர்ச்சுக்கீசியர் வாய்வழியாகப் போனது. கம்பெனியார் காலத்துச் சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1808ஆம் ஆண்டு பொறித்த 10 காசு, 20 காசு செப்பு நாணயங்களை இங்கிலாந்தில் அச்சிட்டுச் சென்னைக்கு அனுப்பினார்கள். அவற்றை ஏற்றிய 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகிலேயே மூழ்கிப்போயிற்று. பின்னாளில் கடலிலிருந்து எடுக்கப்பட்ட அந்த நாணயங்களில் 'கேஷ்' என்ற எழுத்தை இன்றும் படிக்கலாம். இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

நமக்குப் பொய்ப் பெருமை தேவையில்லை. கட்டுமரம் ஆங்கிலத்தில் 'கட்டமரான்' ஆயிற்று. மிளகுத்தண்ணி அவர்கள் மேசையில் சூப் ஆயிற்று. நம் சுருட்டு 'ஷெரூட்' ஆயிற்று. 1887இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், கிடந்த சாம்பலைப் பார்த்தே அது திருச்சிச் சுருட்டு என்று துப்பறிவார் ஹோம்ஸ். அந்தத் திருச்சிச் சுருட்டுக்குப் புகையிலை பெரும்பாலும் போனது நம் திண்டுக்கல் சீமையிலிருந்து.

வாங்கியதையும் மறைக்க வேண்டியதில்லை. சாவி, அலமாரி, மேசை, சன்னல் எல்லாம் போர்ச்சுக்கீசியர் விட்டுப்போனவை. நான் வேலை பார்த்த காலமெல்லாம் எழுதிய தாசில்தார், ஜமாபந்தி என்பவை பாரசீகம், அரபி வழியாக வந்தவை. நம் ஊருக்குப் பேர் வாங்கித் தந்த கொய்யாவே அமெரிக்கக் கண்டத்து மரம். ஆங்கிலத்தின் 'குவாவா', பிரெஞ்சின் 'கோயாவ்' இரண்டும் அங்கிருந்த பழங்குடிகளின் சொல்லிலிருந்து கிளைத்தவை. அதனால் ஆயக்குடிக் கொய்யாவின் ருசி குறைந்துவிட்டதா என்ன?

என் கவலை பேரப்பிள்ளைகளைப் பற்றியது. தாத்தா அனுப்பிய பட்டியலில் பத்துச் சொல் பொய் என்று கல்லூரியில் தெரிந்துகொள்ளும் பிள்ளை, கட்டுமரத்தையும் நம்பாது. பொய்யான பத்து, உண்மையான ஐந்தையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

கருவூலத்தில் வவுச்சர் இல்லாமல் ஒரு பைசா வெளியே போகாது. சொல்லுக்கும் அப்படி ஒரு வழக்கம் வைத்துக்கொள்வோம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் இருக்கிறது. 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியும் இருக்கிறது. இரண்டும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பார்த்துவிட்டு அனுப்புங்கள், நானும் மகிழ்ச்சியோடு நாலு பேருக்கு அனுப்புகிறேன்.