பானையில் யார் பெயர்?

"உங்க வீட்ல ஒருத்தராவது சக்கரத்தை விடாம இருந்திருக்கலாமே?" மரியா மார்ட்டினெஸ் பற்றிப் படித்துவிட்டு நண்பர் ஒருவர் கேட்டார். நான் தொரப்பள்ளிக் குயவர் வீட்டுப் பேரன். தினமும் அத்திப்பள்ளி தாண்டிப் போய் கோட் எழுதுகிறேன். கேள்வி சுருக்கென்றது.

மரியா நியூ மெக்சிகோவின் சான் இல்டிஃபோன்சோ பியூப்லோவைச் சேர்ந்தவர். சக்கரம் இல்லாமல் கையாலேயே வனைந்தவர். அகழாய்வில் கிடைத்த பழைய ஓடுகளோடு தொல்லியலாளர் ஹெவெட் அவரிடம் வந்தார், இப்படிச் செய்ய முடியுமா என்று கேட்டார். 1919 வாக்கில் மரியாவும் கணவர் ஜூலியனும் கறுப்பின்மேல் கறுப்பு அலங்காரத்தைக் கண்டடைந்தார்கள். எரியும் நெருப்பைச் சாணத்தூளால் மூடிக் காற்றை அடைத்தால் மண் கறுக்கும். நம் கறுப்பு-சிவப்புப் பானைகளின் கறுப்புக்கும் காற்றில்லாத சூடுதான் காரணம். அதே வேதியியல்.

ஆனால் 1920-களிலேயே மரியா பானையின் அடியில் தன் பெயரை எழுதினார். பெயர் இருந்ததால் விலை வந்தது. விலை வந்ததால் ஊரே வனைந்தது.

கீழடி ஓடுகளிலும் பெயர் உண்டு: ஆதன், குவிரன். ஆனால் அவை பானையை வைத்திருந்தவர்களின் பெயர்கள் என்றே பெரும்பாலும் கருதப்படுகின்றன. வனைந்தவர் யார்? 2023-ல் திறந்த கீழடி அருங்காட்சியகத்தில் செல்ஃபி எடுத்த நாம், அந்தக் கேள்வியைக் கேட்டோமா?

இன்னொன்றும் சொல்லணும். 1878-ல் ராஜாஜி பிறந்ததும் எங்கள் தொரப்பள்ளியில்தான். 1953-ல் அவர் கொண்டுவந்த திட்டம், கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழகச் சொன்னது. குலக்கல்வி என்று தமிழ்நாடு கொதித்தது. 1954-ல் காமராஜர் வந்ததும் அது போனது. அது நீடித்திருந்தால் என் அப்பா ஏரி மண்ணைத்தான் மிதித்துக்கொண்டிருப்பார். உங்களுக்கு அது மரபாகத் தெரிந்திருக்கும்.

நண்பரின் ஏக்கம் அந்தத் திட்டத்தின் இனிப்பு தடவிய வடிவம்தான். எங்கள் வீட்டுச் சக்கரம் நின்றதற்கு யாரும் துக்கம் விசாரிக்க வேண்டாம். தாத்தாவே அதை நிறுத்த ஆசைப்பட்டார். மரபு வாழணும் என்றால் செய்பவருக்குப் பெயர் வேண்டும், விலை வேண்டும், வேண்டாமென்றால் விட்டுப்போகும் உரிமை வேண்டும். எந்தச் சாதியில் பிறந்தவரும் வந்து கற்கிற வாசலும் வேண்டும். வனைய ஆசை இருந்தால், நண்பரே, நீங்களே சேறு மிதிக்கலாமே?

பொங்கலுக்குப் பானை வாங்கும்போது பேரம் பேசாதீர்கள். செய்தவர் பெயரைக் கேளுங்கள். மகள் என்ன படிக்கிறாள் என்றும் கேளுங்கள். "இன்ஜினியரிங்" என்றால், தயவுசெய்து உச்சுக்கொட்டாதீர்கள்.