வக்கீல் தொழிலும் குருகுலமும்

வக்கீல் தொழிலைச் சட்டக் கல்லூரியில் கற்றுக்கொடுப்பதாக நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே கற்பது சட்டம். தொழில் கற்பதெல்லாம் சீனியர் வக்கீலின் ஆபீசில்தான். பிராது எழுதுவதும், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதும், கட்சிக்காரனிடம் பீஸ் பேசுவதும் ஒருவர் பக்கத்திலிருந்து பார்த்துப் பழக வேண்டியவை. ஆதலால் அந்த முறையே கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை.

அந்த ஆபீசுக்குள் நுழைவதெப்படி என்பதே நமது கேள்வி. நம் மாகாணத்து அரசாங்கச் சட்டக் கல்லூரியில் சேர விளம்பரம் உண்டு; மார்க்கு உண்டு; 100-க்கு 69 இடம் பிற்பட்ட, தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கென்று சட்டமும் உண்டு. சீனியர் ஆபீசுக்கோ விளம்பரமுமில்லை, விகிதாச்சாரமுமில்லை. மாமன் சொல்ல வேண்டும், அல்லது அப்பனுக்குச் சிநேகிதராயிருக்க வேண்டும். கூலிக்காரன் மகனுக்கு எந்த மாமன் ஐகோர்ட்டில் இருக்கிறான்? கதையில் வரும் துரோணராவது கட்டைவிரலைக் கேட்டார். இவர்கள் "இப்போது இடமில்லை, தம்பி" என்று மரியாதையாகவே அனுப்பிவிடுகிறார்கள்!

1995-ல் பார் கவுன்சில் ஒரு வருஷப் பயிற்சியைக் கட்டாயமாக்கிற்று. அதற்கு அந்த அதிகாரமில்லையென்று 1999-ல் சுப்ரீம் கோர்ட் தள்ளிவிட்டது. பிறகு 2010-ல் பரீட்சை வந்தது. பரீட்சை கோர்ட்டில் நின்று பேசப் பழக்குமா?

2024 ஜூன் மாதத்தில் சென்னை ஐகோர்ட், சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாய்க்கும், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய்க்கும் குறையாமல் கொடுக்கச் செய்யும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. நல்ல உத்தரவுதான். பட்டணத்தில் வாடகை கொடுத்து, வருஷக்கணக்காய் வெறுங்கையோடு உழைக்க ஏழையால் முடியாது. ஆனால் உள்ளே வந்தவனுக்கல்லவோ சம்பளம்? வாசலிலே நிற்பவனுக்கு என்ன?

இது சில இளைஞர்களின் பிழைப்பைப் பற்றிய விஷயம் மாத்திரமன்று. ஐகோர்ட்டில் 10 வருஷம் வக்கீலாயிருந்தவர்களிலிருந்தே ஐகோர்ட் ஜட்ஜுகளில் பெரும்பாலோர் பொறுக்கப்படுகிறார்கள். ஆபீஸ் வாசலில் இன்று திருப்பியனுப்பப்படுகிறவனுடைய ஜாதியார், நாளைக்கு ஜட்ஜு நாற்காலியிலும் இருக்கமாட்டார்கள். அப்புறம் "தகுதியுள்ளவர் கிடைக்கவில்லை" என்று கைவிரிப்பார்கள்.

ஆகவே ஒன்று கேட்கிறோம். சர்க்கார் வக்கீல்கள் வாங்கும் பீஸ் ஜனங்களின் வரிப்பணம். அவர்களுடைய ஆபீசில் இத்தனை ஜூனியர் இடம் என்று பத்திரிகையில் விளம்பரம் செய்து, கல்லூரியிலுள்ள அதே விகிதாச்சாரப்படி ஆளெடுத்து, ஐகோர்ட் சொன்ன தொகையைச் சர்க்காரே கொடுப்பதற்கு என்ன தடை? ஐகோர்ட்டும் "சீனியர்" பட்டம் கொடுக்குமுன், தாங்கள் யார் யாருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தீர்கள், அவர்களில் உறவினர் எத்தனை பேர் என்று கணக்குக் கேட்கட்டுமே.